நாலு தட்டு

கூரியர் பையன் வந்தபோது
சிலைமான்காரர் ஒருவர்
எரிந்துபோன கிணற்று மோட்டாரை
என் கடை வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார்.
"நாளைக்குத் தண்ணி பாய்ச்சியாகணும்."
"எல்லாருக்கும் நாளைக்குத்தான்" என்றேன்
கையெழுத்துப் போட்டபடி.

புளோரா செல்லையா. இரவல் குடை.
முப்பத்தைந்தாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு என்று போட்டு
முப்பத்தேழாவதில் வந்திருக்கிறது.
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
அந்த ஒரு ரூபாயை
யாருக்காக மிச்சம் பிடித்தார்களோ.

இரண்டு கறுப்புத் தட்டுகள்,
தலைக்கு நூற்றெண்பது கிராம்.
வழவழவென்று நாற்பது பக்கப் புத்தகம்.
கேசட்டில் தீப்பெட்டி அளவிருந்த அவள் முகம்
கல்லாப்பெட்டியை மூடிக்கொண்டது.

பதினோராம் பக்கம்:
பேஸ் கிட்டார், ரங்கராஜ்.
என் பெயர் ரங்காராம்.
அன்றைக்கும் இப்படித்தான் அச்சடித்தார்கள்.
டேப்பின் இரைச்சலையெல்லாம்
வெளிநாட்டில் கொடுத்துத் துடைத்தார்களாம்,
பிழையை மட்டும் பத்திரமாக எடுத்துவந்து
பொன்னெழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பேராசிரியர்:
"மூன்றாம் பாட்டில் பல்லவி தொடங்கி
நாலு தட்டு கழித்தே பேஸ் நுழைகிறது.
கைவிடப்பட்டவளின் காலடியில்
தரை இல்லாமல் போவதன் குறியீடு அது."

இரண்டு தடவை படித்தேன்.
"என்னண்ணே, கோர்ட்டு நோட்டீஸா?"
என்றார் சிலைமான்காரர்.

எஸ்.எஸ். காலனியில் ஒரு மாடி அறை.
சத்தம் விழுமென்று ஃபேனை நிறுத்தி
கதவிடுக்கில் போர்வை திணித்திருந்தோம்.
எல்லாருக்கும் ஒரே அறை. டேப் அதோடு சரி,
காசும் அதோடு சரி.
புளோரா வாயெடுத்த நேரம்
என் இடது புறங்கையில் ஒரு கொசு.
அடித்தால் பதிவாகும்.
குனிந்து ஊதினேன். போகவில்லை.
இன்னொரு தரம் ஊதினேன்.
அதற்குள் நாலு போயிருந்தது.

கடையில் தட்டு சுழற்ற எதுவுமில்லை.
உறைக்குள் இருந்த சீட்டின் எண்ணைத் தட்டி
வீரணன் தன் போனில் பாடவிட்டான்.
அவள் வந்தாள், டிரம்ஸ் வந்தது,
நான் வரவில்லை.
போன் ஸ்பீக்கருக்கு அடிவயிறு கிடையாது.
"நீங்க எங்கண்ணே வாசிக்கிறீங்க?"
மூன்றாம் பாட்டு முடியும்வரை கேட்டான்.

ராத்திரி தெப்பக்குளத்துப் பக்கம்
சிக்கந்தரின் மைக்செட் குடோனுக்குப் போனேன்.
மேலூர்க் கல்யாணத்திலிருந்து திரும்பிய பெட்டிகள்,
வலையில் மல்லிகைச் சரம் சிக்கியபடி.
அவன் சொருகினான். திருகினான்.

அவள் குரல்.
பிறகு, டேப் காலத்தில் இரைச்சலுக்குள் புதைந்திருந்த
ஓர் ஊதல்.
இன்னொன்று.
அப்புறம் நான்,
தகரக் கூரை அதிர.

"யாருடா அது பெருமூச்சு விடுறது?"
சிக்கந்தர் கேட்டான்.

பத்தரைக்கு அவளே அழைத்தாள்.
"காசு குடுத்தா வாங்குன? கிறுக்கா."
இருமினாள். வயதுக்குரிய இருமல்.
"அந்த வாத்தியார் கேட்டாரு,
பேஸ் ஏன் லேட்டா வருதுன்னு.
நான்தான் அப்படி வாசிக்கச் சொன்னேன்னுட்டேன்."
"ம்."
"நெசமா என்னத்தப் பண்ணிக்கிட்டிருந்த?"
"கொசு."

வெகுநேரம் சிரித்தாள்.
சிரிப்பு நின்ற பிறகு,
"நான் வேற நெனச்சிருந்தேன்" என்றாள்.
"என்ன?"
"பாட ஆரம்பிச்சப்ப நீ என்னையப் பாத்து
மறந்துட்டேன்னு."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.
வைக்கிறேன் என்றாளா,
கம்பி அறுந்ததா, தெரியவில்லை.

காலையில்
சிலைமான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி
சுற்ற உட்கார்ந்தேன்.
நாற்பத்தாறு வரை எண்ணினேன்.
நாற்பத்தேழா, எட்டா?

அவிழ்த்துவிட்டு
ஒன்று.